நாலாவது பாட்டில் ஒரு விசில்

புது ஆல்பம் வந்து பதினோரு நாளாச்சு.
குளச்சலில் ஏறினால் கருங்கல் வருவதற்குள்
முதல் மூன்று பாட்டு முடிந்துவிடுகிறது.
அவ்வளவு சுத்தம். ஒரு தூசி இல்லை.
ஜெனிஸ்டன் மூச்சு இழுப்பதைக்கூட
யாரோ துடைத்து எடுத்திருக்கிறார்கள்.

'மூணாம் நம்பர் கூண்டு' என்று பெயர் வைத்த வாரம்
துறைமுகத்தில் நிஜமாகவே அதை ஏற்றியிருந்தார்கள்.
வள்ளம் எதுவும் இறங்கவில்லை.
பங்கு மண்டபத்தின் சாவியை
உபதேசியார் மகன் டெல்வின் எடுத்துவந்தான்.
ஆறு பாட்டு, ஒரே பகல், இரண்டு மைக்.
மெமரி கார்டில் கைமாறி என்னிடம் வந்தபோது
ஆறிலும் ஜெனரேட்டர் கூடவே பாடியது.
இரண்டாவதில் டீசல் தீர்ந்து
கிட்டார் செத்துப்போகிறது;
டெல்வின் மட்டும் நிறுத்தாமல் அடிக்கிறான்,
நாற்பது விநாடி.
அந்த நாற்பது விநாடிக்காக
ஒரு வேதியியல் பரீட்சையைக் கோட்டைவிட்டேன்.

அப்போது 'வலிக்கி' என்று பாடினான் ஜெனிஸ்டன்.
இப்போது 'வலிக்கிறது' என்கிறான்.
வலி ஒரு நல்ல சட்டை போட்டுக்கொண்டு
போட்டோவுக்கு நிற்கிறது.
பழையதில் மழை வெறும் 'மள'.
நனைந்தது என்னவோ அதில்தான்.

நியாயமும் சொல்ல வேண்டும்.
புதிய ஐந்தாவது பாட்டில் ரெக்ஸ்லினின் பேஸ்
இறங்கி இறங்கிப் போய்,
முட்டத்துப் பாறைக்கடியில் அலை உள்வாங்குமே,
அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.
பழைய ரெக்ஸ்லினுக்கு நிற்கத் தெரியாது.
பழைய ரெக்ஸ்லினிடம் மூன்று கம்பிதான் இருந்தது.

போன வியாழன் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
டெல்வினைப் பார்த்தேன்.
கடற்கரையில் பிறந்தவன்
சாளைக்குப் பேரம் பேசத் தெரியாமல் நின்றான்.
போய் நாற்பது விநாடியைச் சொன்னேன்.
'அய்யோ, அதுவா?
ஸ்னேர் தோலு கிழிஞ்சு கிடந்துது கேட்டியளா,
வெளிய தெரியாண்டாம்னு போட்டு அடிச்சேன்.
இப்பவும் என்னால கேக்க முடியல்ல.
புதுசு எப்பிடி?'
'கொள்ளாம்' என்றேன்.
எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு
ஒன்பது அர்த்தம் இருக்கும்.
தனக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொண்டு
சாளைப் பையோடு அவன் பஸ் ஏறினான்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது.
பழைய நாலாவது பாட்டு, மூன்றாம் நிமிடம்.
கிட்டார் உச்சிக்குப் போகுமுன்
ஊசி மாதிரி ஒரு சத்தம்.
ஃபீட்பேக் என்பான் என் தம்பி ஷிஜோ.
கம்பி அறுந்தது அதுதான் என்பவர்களும் உண்டு.

அது நான்.
ஜன்னலுக்கு வெளியே, டியூஷன் பையைக்
கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு,
இரண்டு விரலை நாக்குக்கடியில் கொடுத்து.
பெண்பிள்ளைகளை அன்று உள்ளே விடவில்லை.
சத்தத்தை யாரும் தடுக்கவில்லை.

புதியதில் ஜன்னலே இல்லை.
பஞ்சு ஒட்டிய சுவர்கள்,
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
தராசில் நிறுத்துப்போட்ட மௌனம்.
இதை விமர்சனம் என்று எப்படிச் சொல்வேன்?
வீடு நன்றாகத்தான் இருக்கிறது,
என்னைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலை விரிகோடு ரயில்வே கேட் மூடியிருந்தது.
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
தினமும் பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த உறுமல்
அப்போதுதான் இருந்ததென்றே தெரிந்தது.
ஐந்தாவது பாட்டு. ரெக்ஸ்லின் இறங்கி, நின்று,
'வலிக்கிறது'வுக்கு ஒரு நொடி முன்னால்
ஒரு சின்ன மூச்சு.
துடைத்தவர்கள் கையில் தப்பியது.

ரயில் வந்து எல்லாவற்றையும் மூடியது.
பாட்டைப் பின்னால் தள்ளினேன்.
என் விரல் இரண்டும் உதடுவரை போயிருந்தன.
பக்கத்து சீட்டில் மலக்கறிக் கூடையோடு இருந்தவர்
திரும்பிப் பார்த்தார்.
கொட்டாவியை மறைப்பதுபோல்
வாயை மூடிக்கொண்டேன்.